பட்டியலில் இல்லாத மருந்து

பிப்ரவரி 11, 2013. துயிதாமா

காலையிலிருந்து மழை. கொகோய்யோ மலை ஏற்றத்தில் சைக்கிளில் மூன்று முறை ஏறி இறங்கினேன். இறங்கும்போது விரல்கள் மரத்து, பிரேக்கைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மனைவி நெல்சி சூடாக வெல்லத் தண்ணீர் கொடுத்தாள். கொஞ்ச நேரம் குவளையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், குடிக்கவில்லை.

எவேலியோ வாத்தியார் போன் செய்தார். அணியை நடத்துகிறவர் அவர்தான். கெட்ட செய்தி என்றால் முதலில் இருமுவார். இருமினார்.

"அலிரியோ, துவெர்னே திரும்பி வரான்."

"ஊருக்கா?"

"நம்ம அணிக்கு. பணம் போடற பால் கம்பெனிக்காரங்க கையெழுத்து வாங்கிட்டாங்க. நீயும் அவனும் ஒரே ரூம். கொஞ்சம் கண்ணு வச்சுக்க."

"எதுக்கு?"

"உனக்குத் தெரியாததா."

தெரியும். பல வருஷமாக என் வேலை முன்னால் போய் எதிர்காற்றை வாங்குவது. என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து வந்து, கடைசி ஏற்றத்தில் தாவிப்போய் ஜெயிப்பது துவெர்னேயின் வேலை. அப்படித்தான் நாட்டுச் சுற்றுப் பந்தயத்தை ஜெயித்தான். அப்படித்தான் இத்தாலிக்காரர்கள் அவனைக் கொத்திக்கொண்டு போனார்கள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து, 'ஆறு மாசம் பங்காளி, உன்னையும் கூப்பிட்டுக்கறேன்' என்றான். போய் ஆறு வருஷம். ஒரு போன் இல்லை. என் மகளுக்கு ஞானத்தகப்பன் வேறு. ஞானஸ்நானத்தன்று கோயிலில் அவளைத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் தூக்கிப் பிடித்தான், அதோடு சரி.

அங்கே ஒவ்வொரு அணியாக ஏன் அவனைத் துரத்தினார்கள் என்று ஊரே சிரிக்கிறது. மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரிக்கிறார்கள். வரட்டும். நானும் சிரிக்கிறேன்.

பிப்ரவரி 23

வந்துவிட்டான். அணி தங்கும் வீட்டு வாசலில் டாக்சியிலிருந்து இறங்கியவனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கன்னம் உப்பி, கண் உள்ளே போயிருந்தது. கால் முடியை மழித்திருந்தான். அதை வைத்துத்தான் சைக்கிள்காரன் என்று சொல்லலாம்.

"என்ன பங்காளி, கெழவனாயிட்டே."

"நீ முழுகாம இருக்க போல. எத்தன மாசம்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு மட்டும் மாறவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல்.

பெட்டியைப் பிரிக்கும்போது கேட்டான், "யுரானி எப்படி இருக்கா?"

"ஒம்பது வயசாச்சு. ஞானத்தகப்பன் எங்கன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?"

"செத்துட்டான்னு சொல்லு," என்றான். சொல்லிவிட்டு சாக்ஸை மடித்து அடுக்க ஆரம்பித்தான். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தான். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மார்ச் 6

முதுகு. இரண்டு வருஷத்துக்கு முன் கான்கிரீட் வாய்க்காலில் விழுந்து உடைத்துக்கொண்ட எலும்பு. மழை வருவதை எனக்கு முன்பே அது சொல்லிவிடுகிறது. எங்கள் மசாஜ்காரன் பாச்சோ சொட்டு மருந்து கொடுத்தான். டிரமடால், வலியை மறக்கடிக்கிற மருந்து. பயிற்சி நன்றாகப் போனது.

மார்ச் 19

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விடுதி அறைக்கு வந்தேன். குளியலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. கதவைத் தள்ளினேன். கழிவறை மூடிமேல் துவெர்னே வெள்ளைப் பொடியைக் கோடு போட்டு வைத்திருந்தான்.

"தண்ணியத் தெறந்து விட்டா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியா?"

"கதவத் தட்டிட்டு வரணும்னு உங்க வீட்ல சொல்லித் தரலியா?"

பொட்டலத்தைப் பிடுங்கி உள்ளே போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டேன். அது சுழன்று போவதை எட்டிப் பார்த்தான். பிள்ளை கிணற்றில் விழுந்த மாதிரி முகம். பிறகு என் சட்டையைப் பிடித்தான். நான் அவன் கழுத்தைப் பிடித்தேன். இரண்டு கிழட்டு நாய்கள். முதலில் மூச்சு வாங்கியது அவனுக்கு.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, என் மேஜையைக் கண்ணால் காட்டினான்.

"அது என்ன பாட்டில்?"

"மருந்து. டாக்டர் எழுதினது. தடைப் பட்டியல்ல இல்ல. ஒன்னோடது மாதிரி கெடையாது."

"எனக்கும் மொதல்ல டாக்டர்தான் எழுதினாரு."

எகத்தாளம். எதையும் என்னோடு சேர்த்துப் பேச இவனுக்கு என்ன தகுதி இருக்கிறது?

சாயங்காலம் வாத்தியாரிடம் சொன்னேன். இருமினார். "டிவியில இந்த வருஷம் நம்மள காட்டறாங்க, அலிரியோ. கொஞ்ச நாள் ஓட்டட்டும். நீ பக்கத்துலயே இரு." அவ்வளவுதான். என்னைக் காவலுக்கு வைத்தது அவனைத் தடுக்க இல்லை, அவன் விழுந்தால் கேமராவுக்குத் தெரியாமல் தூக்கி நிறுத்த.

ஏப்ரல் 14. மெதெயின்

ஜெயித்துவிட்டான்.

கடைசி ஒரு மணி நேரம் முழுக்க நான் இழுத்தேன். சின்ன பாட்டிலில் பாச்சோ கலந்து வைத்திருந்தான். அடிவாரத்தில் குடித்தேன். பக்கத்து வீட்டில் சண்டை நடக்கும்போது நம் வீட்டு ஜன்னலைச் சாத்தினால் எப்படி இருக்கும்? அப்படி. வலி எங்கேயோ இருக்கிறது, வேறு யாருக்கோ. கால் அது பாட்டுக்குச் சுற்றுகிறது. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு நன்றாக ஓட்டியதில்லை என்று சத்தியமாகச் சொல்வேன். அதை ஓட்டியது அவனுக்காக.

எல்லைக்கோட்டில் கையை விரித்தான். பிறகு மைக்கை வைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்து, "இவன்தாங்க, என் பங்காளி, இவன் இல்லன்னா நான் இல்ல," என்றான். முகத்தில் கண்ணீர். மூக்கும் ஒழுகியது. அது அழுகை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

அறையில் டிவி பார்த்தேன். என் பெயர் வரவில்லை. என் முதுகு வந்தது.

ஏப்ரல் 30

இரண்டு நாளாக அவன் அறைக்கு வரவில்லை. நிம்மதி.

பாச்சோவிடம் இன்னொரு பாட்டில் கேட்டேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு கொடுக்கிறான். அவன் அப்பன் வீட்டுச் சொத்தா? முதுகு யாருடையது?

மே 19, ஞாயிறு. சோகமோசோ

இன்று யுரானிக்கு முதல் நற்கருணை. விருந்து மாமனார் வீட்டில். கஸ்தோதியோ மாமாவுக்குச் செங்கல் சூளை. வெள்ளை உடுப்பில் புகை படியாமலிருக்க நெல்சி காலையிலேயே சூளையை அணைக்கச் சொல்லிவிட்டாள். கிழவனுக்கு அதில் கோபம். "சைக்கிள்காரன் மகளுக்காக என் சூளை குளிரணுமா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். நெல்சியை எனக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து இதே பேச்சு.

துவெர்னே சாப்பாட்டுக்குப் பிறகு வந்தான். யார் கூப்பிட்டது? நெல்சி கூப்பிட்டிருக்கிறாள். சோம்புச் சாராயம் நாலு வீட்டுக்கு நாறியது. கண் இரண்டும் பொறியாகத் தெறித்தது. யுரானிக்கு முன்னால் முட்டி போட்டு, "நான்தாண்டா ஒன் ஞானத்தகப்பன், ஐரோப்பாவுலேர்ந்து வந்திருக்கேன்," என்றான். பிள்ளை சிரித்தது. தூக்கிக்கொண்டு ஆடினான். ஆடுகிறேன் பேர்வழி என்று கேக் மேஜையில் போய் விழுந்தான். யுரானி அவனுக்கு அடியில். வெள்ளை உடுப்பு முழுக்க க்ரீமும் சேறும்.

அடித்தேன். எத்தனை அடி என்று தெரியாது. யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். அவன் கையை ஓங்கவே இல்லை. உதட்டில் ரத்தத்தோடு, "போதுமா பங்காளி, இன்னும் வேணுமா," என்று கேட்டான். அதற்காக இன்னொன்று கொடுத்தேன்.

நெல்சி அவனை உள்ளே கூட்டிப்போய் முகத்தைக் கழுவிவிட்டாள். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"அவரு குடிச்சிட்டு வந்தாருன்னு அடிச்சீங்க. சரி. நீங்க பூசை நேரத்துல எதுக்கு எந்திரிச்சு வெளிய போனீங்க?"

"முதுகு வலி."

"நேத்து கேட்டேன், வலி இல்லன்னீங்க."

"இன்னைக்கு வந்துச்சு."

"பாக்கெட்ல பாட்டிலோட வந்துச்சு," என்றாள்.

பெண்டாட்டியா போலீஸா? டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து. எத்தனை தடவை சொல்வது. அவனையும் என்னையும் ஒரே தட்டில் வைக்கிறாள், அதுவும் எங்கள் மகளின் விசேஷத்தில். தூங்கப் போகிறேன்.

ஜூன் 14

பிடிபட்டான். சிறுநீரில் கொக்கெயின். வானொலியில் காலையிலிருந்து அதே செய்தி. இவ்வளவு நாள் அவனைத் தலையில் வைத்து ஆடிய அதே வர்ணனையாளர் இப்போது 'தேசத்துக்கு அவமானம்' என்கிறார்.

நாங்கள் பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். வாத்தியார் டிரைவரை நிறுத்தச் சொன்னார். நெடுஞ்சாலை, இரண்டு பக்கமும் உருளைக்கிழங்கு வயல், ஒரு டீக்கடைகூட இல்லை.

"எறங்கிக்க. கம்பெனி பேரு போட்ட சட்டையக் கழட்டிக் குடுத்துரு."

"வாத்தியாரே, ஊரு வரைக்குமாவது."

"ஒன்ன எறக்கிவிடறத போட்டோ எடுக்க அங்க நிக்கறாங்க. இங்கயே எறங்கு."

வெறும் பனியனோடு இறங்கினான். சைக்கிளையும் கொடுக்கவில்லை. பஸ் நகரும்போது என் ஜன்னலைப் பார்த்தான். நான் திரையை இழுத்துவிட்டேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, இது என் நோட்டு. மிகவும் சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 27

வாத்தியார் கூப்பிட்டுச் சொன்னார், நாட்டுச் சுற்றில் இந்த முறை அணி எனக்காக ஓட்டும் என்று. எனக்காக. மற்றவர்கள் முன்னால் போவார்கள், நான் பின்னால் ஒளிந்து வருவேன். முப்பத்து நான்கு வயதில்.

நெல்சியிடம் சொன்னேன். "முதுகு?" என்றாள். வாழ்த்து இல்லை, ஒன்றுமில்லை. முதுகு.

"ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு," என்றேன்.

ஆகஸ்ட் 6. பந்தயத்தில்

ஏழாவது இடம். அலிரியோ குஸ்பா, ஏழாவது இடம். வானொலியில் பெயரைச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 9

நாலாவது. உடம்பெல்லாம் அரிப்பு. சாப்பிட்டதெல்லாம் வாந்தி. மருந்து இல்லாமல் தூக்கம் வருவதில்லை, மருந்தோடு வருவது தூக்கமும் இல்லை. பாச்சோ, "கொறச்சுக்கடா," என்கிறான். நாலாவது இடத்தில் இருக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது? வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். வாத்தியார் பாச்சோவைப் பார்த்தார். பாச்சோ கொடுத்தான்.

நாளைக்கு லா லீனியா கணவாய். அங்கே மூன்றாவது ஆகிவிடலாம்.

ஆகஸ்ட் 14. இபாகே, ஆஸ்பத்திரி

இடது கையால் எழுதுகிறேன்.

ஏறும்போது நன்றாக இருந்தேன். முதல் ஆட்களோடு உச்சியைத் தாண்டினேன். இறக்கத்தில் ஒரு வளைவு வந்தது ஞாபகம் இருக்கிறது. வளைவு போனது ஞாபகம் இல்லை.

பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்களாம், விழுந்ததனால் நான் துடிக்கவில்லை, துடித்ததனால்தான் விழுந்தேன் என்று. சைக்கிள்மேல் உட்கார்ந்தபடியே கை கால் வெட்டியிருக்கிறது. வலிப்பு. மருந்து அளவு மீறினால் அப்படி வரும் என்கிறாள் இந்த ஆஸ்பத்திரி டாக்டர்.

"எவ்வளவு எடுத்தீங்க?"

"டாக்டர் எழுதினபடி."

"எந்த டாக்டர்?"

வாத்தியார் முந்திக்கொண்டார். "இவனாத்தான் வெளிய வாங்கியிருக்கான் மேடம். அணிக்கு இதுல சம்பந்தமே இல்ல." கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பாச்சோ தரையைப் பார்த்தான். எழுந்து அவர்கள் இரண்டு பேர் கழுத்தையும் நெரிக்க வேண்டும்போல் இருந்தது. தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது.

வெளியே போகும்போது கம்பெனி சட்டையை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் கத்தரித்து எடுத்தது, இரண்டு துண்டாக. அதைக்கூட விடவில்லை.

செப்டம்பர் 17. துயிதாமா

நெல்சி பள்ளிக்கூடச் சமையலுக்குப் போகிறாள். நான் வீட்டில். பாச்சோ போனை எடுப்பதில்லை. நம் தெரு மருந்துக்கடைக்காரன் சீட்டு கேட்கிறான். பைப்பா ஊர்க் கடைக்காரன் கேட்பதில்லை, ஆனால் 'நீங்கதான அந்த லீனியாவுல விழுந்தவரு' என்கிறான். கேட்டுக்கொண்டு நிற்கிறேன். கொடுக்கிறானே.

விடலாம் என்று நேற்று எடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் மூக்கு, கண், வயிறு எல்லாம் தண்ணீராகிவிட்டது. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்கிறது. இது முதுகு வலி இல்லை என்று எனக்கே தெரிகிறது. தெரிந்து என்ன?

அக்டோபர் 3

கஸ்தோதியோ மாமா இங்கே வந்துவிட்டார். எலும்பில் புற்று. ஆஸ்பத்திரி இங்கிருந்து பக்கம் என்று நெல்சி கொண்டுவந்து யுரானி அறையில் படுக்க வைத்திருக்கிறாள். பகலில் நான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"செங்கல் சொமந்த ஒடம்பு, சைக்கிள் ஓட்டறவன் கையில வந்து விழுந்திருக்கு," என்கிறார். பால் சூப்பு ஊட்டினால், "நீ நக்கிப் பாத்தியா?" என்கிறார். சாகப்போகிறவருக்கும் வாய் குறையவில்லை.

அவருக்கு எழுதிக் கொடுத்திருப்பதும் அதே சொட்டு. அதே பாட்டில். ஆனால் பெரியது.

அக்டோபர் 4

இல்லை. அவ்வளவு கீழே நான் போகவில்லை.

அக்டோபர் 8

கொஞ்சம்தான். எடுத்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

அக்டோபர் 22

கிழவனுக்குத் தெரிந்துவிட்டது.

காலையில் ஸ்பூனை வாயில் வைத்தேன். நாக்கில் சுழற்றிப் பார்த்தார். முகத்தை என் பக்கம் திருப்பினார். வலியில் கன்னம் ஒட்டிப்போய்க் கண் மட்டும் பெரிதாக இருக்கிறது இப்போது.

"கசப்பு போச்சு," என்றார்.

ஸ்பூனைத் துடைத்தேன்.

"திருட்டு நாயே. பாதியாவது எனக்கு வை."

கத்தவில்லை. கெஞ்சவும் இல்லை. கடையில் பங்கு பிரிக்கிற மாதிரி சொன்னார். நெல்சி வந்தபோது அவளிடம் சொல்லவும் இல்லை. ஏன் சொல்லவில்லை? மகள் வாழ்க்கை போய்விடும் என்றா? என்னமோ. அவர் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படுபாவி, சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, வாய் ஓயாத மனுஷன்தானே.

பாதி வைக்க வேண்டும். வைக்கிறேன்.

அக்டோபர் 25

வைக்கவில்லை.

அக்டோபர் 31

இன்று மாமா கத்தினார். சூளையில் மாடு மிதிக்கிற மண்ணைப் பற்றி ஏதோ கத்தினார், பிறகு வார்த்தை இல்லாமல் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரி சொல்லி, நெல்சி பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். பாட்டிலை எடுத்து ஸ்பூனில் விட்டாள். கொடுத்தாள். காத்திருந்தாள். இன்னும் கொடுத்தாள். அவர் கத்துவது நிற்கவில்லை. எனக்குத் தெரியும், நிற்காது. கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வலியே இல்லை. இதமாக இருந்தது. அதுதான் — அந்தச் சத்தம் கேட்கும்போது எனக்கு இதமா இருந்துச்சு.

நெல்சி பாட்டிலைப் பார்த்தாள். கவிழ்த்துத் தன் நாக்கில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டாள்.

"தண்ணி," என்றாள்.

திட்டியிருக்கலாம். ஸ்பூனைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவள் தம்பி வேனோடு வந்தான். மாமாவைப் பாயோடு தூக்கினார்கள். நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். "தொடாதீங்க," என்றாள். யுரானி வேனின் முன்பக்கம் ஏறி உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. யாரோ திரும்ப வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அல்லது யாரும் சொல்லவில்லை.

நவம்பர் 12

வீடு நாறுகிறது. நான்தான்.

நவம்பர் 20

துவெர்னே வந்தான்.

கதவைத் தட்டினான். திறக்கவில்லை. கொல்லைப்பக்கம் சுவரேறிக் குதித்து வந்தான். கம்பளியும் ரப்பர் பூட்ஸும். உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிறானாம். உடம்பு வற்றியிருந்தது. முகம் கழுவிய மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

"வேடிக்க பாக்க வந்தியா? அன்னைக்கி அடிச்சதுக்குத் திருப்பி அடிக்கவா? அடி. இப்ப ஒன்னால முடியும்."

"அடுப்பு எரியுதா?" என்றான்.

சட்டியை அவன்மேல் எறிந்தேன். பொறுக்கி எடுத்துக் கழுவி, முட்டை பொரித்தான். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் அம்மாவைச் சொன்னேன். இத்தாலியிலிருந்து துரத்தப்பட்ட நாய் என்றேன். நீதான் எனக்கு இந்தப் பழக்கத்தைக் காட்டினாய் என்றேன், அது பொய். தட்டை எனக்கு முன்னால் வைத்துவிட்டுச் சொன்னான்:

"எல்லாஞ் சொல்லிட்டியா? ஒன்ன எனக்குப் பிடிக்கல பங்காளி. பஸ்ஸுல அந்தத் திரைய இழுத்த பாரு, அத நான் மறக்கல. பாசத்துல வந்தேன்னு நெனச்சுக்காத."

"அப்பறம் எதுக்கு வந்த?"

"நெல்சி போன் பண்ணுனா. பேசல. போன ஒன் மாமனார் பக்கம் காட்டுனா, கத்திட்டிருந்தாரு. கேட்டேன். அதான்."

மலைமேல் ஒரு பாதிரியார் போதையை விடுகிறவர்களுக்குப் பண்ணை நடத்துகிறாராம். ஜூலையிலிருந்து இவன் அங்கேதான் இருக்கிறான். லாரி வெளியே நிற்கிறது என்றான். வரவில்லை என்றேன். "சரி," என்று எழுந்து போய் லாரியில் உட்கார்ந்துகொண்டான். போகவில்லை. எஞ்சினையும் போடவில்லை.

முட்டையைத் தின்றேன். வாந்தி எடுத்தேன். பல்துலக்கியையும் இந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். இதை லாரியில் எழுதுகிறேன். மூட்டைகளின் நாற்றம்.

நவம்பர் 27. பண்ணை

எழுத ஒன்றும் இல்லை. தூக்கம் இல்லை. பாதிரியாரைப் பிடிக்கவில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரன் ஜெபம் செய்கிறான், வாயில் துணி அடைக்கலாம்போல் இருக்கிறது.

டிசம்பர் 21

மாமா இறந்துவிட்டார்.

துவெர்னே லாரியில் கூட்டிப் போனான். வாசலில் நெல்சியின் தம்பி கையைக் குறுக்கே வைத்தான். "உள்ள வந்தா பொணம் ரெண்டாயிரும்," என்றான். அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. நான் சூளைப் பக்கம் போய் நின்றேன். சூளை அணைந்திருந்தது.

நெல்சி வெளியே வந்தாள். கறுப்புத் துணி. அருகில் வரவில்லை.

"ரெண்டு நாளைக்கு முன்னாடி ஒங்களக் கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"அந்த நாயி எங்கன்னு கேட்டாரு. மலைமேல இருக்காருன்னு சொன்னேன். கட்டிப் போட்டிருக்காங்களான்னு கேட்டாரு. ஆமான்னேன்."

"அப்பறம்?"

"அவ்வளவுதான். தூங்கிட்டாரு. நல்ல மருந்து கெடைச்சுது கடைசியில," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெட்டியை ஆறு பேர் தூக்கினார்கள். ஒரு பக்கம் உயரம் சரியாக அமையாமல் சாய்ந்துகொண்டே போனது. என் உயரத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. கேட்கவில்லை. அவர்கள் கூப்பிடவும் இல்லை.

ஜனவரி 15, 2014

வாத்தியார் பண்ணைக்கே போன் செய்தார். நம்பரை யார் கொடுத்தார்களோ. இரும்புக் கடைக்காரர் ஒருவர் சின்னதாக ஒரு அணி ஆரம்பிக்கிறாராம். முன்னால் போய்க் காற்றை வாங்க அனுபவமுள்ள ஆள் வேண்டும்.

"பழசையெல்லாம் மறந்துருவோம் அலிரியோ. ஒன்ன மாதிரி இழுக்கறவன் யாரு இருக்கா?"

அந்த வார்த்தைக்காக எவ்வளவு வருஷம் ஏங்கியிருக்கிறேன். சைக்கிள் வாசனை வந்தது, நிஜமாகவே வந்தது.

"பாச்சோ இருக்கானா?" என்று கேட்டேன்.

"இருக்கான், இருக்கான். எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

ஏன் அதைக் கேட்டேன்? பாச்சோ இருந்தால் வரமாட்டேன் என்று சொல்லவா? இல்லை. இருக்கிறான் என்றதும் என் வாயில் எச்சில் ஊறியது. அந்த எச்சிலைத் துப்பிவிட்டு போனை வைத்தேன். துவெர்னேயிடம் சொல்லவில்லை. சொன்னால், தெரியும் என்பான். அவனுக்கு எல்லாம் தெரியும், சனியன்.

பிப்ரவரி 18

துவெர்னேயோடு லாரியில் வேலைக்குப் போகிறேன். நான் மூட்டை ஏற்றுகிறேன், அவன் ஓட்டுகிறான். ஏற்றத்தில் ஏறும்போது கியர் மாற்றத் தெரியவில்லை என்று சண்டை போட்டேன். "எறங்கி இழு," என்றான்.

இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

நெல்சி போன் செய்தாள். அவளாக. பண்ணைக் கூடத்தில் நின்றுகொண்டு பேசினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு.

யுரானிக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வேண்டுமாம். அதைச் சொல்லி முடித்தாள். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"முதுகு எப்படி இருக்கு?" என்றாள்.

ஒண்ணுமில்ல என்று வாய்வரை வந்தது.

"வலிக்குது. நேத்துலேர்ந்து குனிய முடியல. சரியாத் தூங்கல. இப்பவும் செவுத்தப் புடிச்சிட்டுத்தான் நிக்கறேன்."

பின்னால் பாத்திரச் சத்தம் கேட்டது. யுரானி, "யாரும்மா?" என்றாள். நெல்சி என்னிடமே கேட்டாள்.

"அதுக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல. சுடுதண்ணி ஒத்தடம் வச்சேன். பெருசா கேக்கல."

வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன்.

"ஞாயித்துக்கெழம காலையில யுரானிய ஏரிப் பக்கம் நடத்திக் கூட்டிட்டுப் போகணும்னா வாங்க. நானும் பின்னாடியே வருவேன். வீட்டுக்குள்ள வரக் கூடாது. வாசல்ல நில்லுங்க."

"சரி," என்றேன்.

சட்டையைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். மழை பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் காயுமா தெரியவில்லை.